கோகிலாமணி வண்டிக்கு எஃப்.சி. எடுத்த கதை

எங்க மணியாரம்பாளையத்துல லாரி இல்லாத வூடு ரெண்டே ரெண்டுதானுங்க, ஒண்ணு கோயில் பூசாரியோடது, இன்னொண்ணு என்னோடது. ஆனா ஊருல ஓடற அத்தனை லாரியும் வருஷத்துல ஒரு நாளு என்ற பழைய இரும்புக் கடை வாசல்ல வந்து நின்னுதான் ஆகோணும், அது எஃப்.சி.க்குப் போறதுக்கு முந்தின நாளு. எஃப்.சி.ன்னா என்னன்னு தெரியாதவங்களுக்குச் சொல்லிப்போடறேன்: வருஷா வருஷம் வண்டியக் கொண்டுபோயி பிரேக் இன்ஸ்பெக்டர் முன்னால நிறுத்தி, அவரு சுத்திச் சுத்திப் பாத்து, இது ரோட்டுல ஓடறதுக்கு லாயக்குன்னு கையெழுத்துப் போட்டுக் குடுக்கற காயிதம் அது. அந்தக் காயிதம் இல்லைன்னா வண்டி வெறும் இரும்பு.

எங்க ஊரு ஆளுகளோ வண்டி வாங்குன மறுநாளே அதுக்கு நகை நட்டுப் போட ஆரம்பிச்சிருவாங்க. மூஞ்சியில தகரக் கிரீடம், பத்து ஊருக்குக் கேக்கற ஹாரன், கலர் கலரா முப்பது லைட்டு, வண்டிய விட அகலமான பம்பரு. எஃப்.சி. வந்தா மட்டும் "பாவாயக்கா, ஒரு நாளைக்கு மட்டும்"னு என்ற கடைக்கு ஓடிவந்து, கம்பெனி பம்பரு, கம்பெனி சைலன்சரு, பட்டன் தேயாத டயருன்னு வாடகைக்கு எடுத்து மாட்டிட்டுப்போயிக் காட்டிட்டு, சாயங்காலமே கழட்டிக் கொண்டாந்து போட்டுருவாங்க. பதினெட்டு வருஷமா அந்தப் பாவாயக்கா நாந்தான். இதுல வெக்கப்படறதுக்கு ஒண்ணும் இல்லீங்க, கல்யாணத்துக்கு நகை இரவல் வாங்கிப் போடறதில்லையா.

இப்ப கோகிலாமணி. அவளுக்கு முப்பத்தாறு வயசு, புருசன் வேண்டாம்னு வந்தவ, பதினாறு வருஷமா அண்ணன் தனபால் கோழிப்பண்ணையில காலையில நாலாயிரம் முட்டை, மத்தியானம் நாலாயிரம் முட்டைன்னு பொறுக்கிக்கிட்டுக் கிடந்தவ. சம்பளம்னு ஒண்ணு கிடையாது, சோறு உண்டு, "எங்களை விட்டா உனக்கு யாரு"ங்கற பேச்சு உண்டு. அவளுக்கு ஒரே ஒரு ஆசை, சொந்தமா ஒரு வண்டியில முட்டை ஏத்திக் கடைகடையாப் போடோணும். லைசென்ஸ் எடுத்து வெச்சு ஏழு வருஷம் ஆச்சு. காதுல கெடந்த தோட்டையும் வளத்த ஆட்டையும் குடுத்து, நாலு வருஷமா ஒரு கொட்டாயில துருப்பிடிச்சு நின்ன பிக்கப் வண்டி ஒண்ணை அவ இழுத்துக்கிட்டு வந்தப்ப ஊரே சிரிச்சுது. அண்ணங்காரன் சிரிக்கலை. "எஃப்.சி. வாங்கிக் காட்டு, ஓட்டிக்க. மூணு தரம் போயும் கிடைக்கலைன்னா வண்டிய வெட்டி எடைக்குப் போட்டுட்டு, வாய மூடிக்கிட்டு முட்டை பொறுக்க வந்தரோணும்"னான். அவளும் சரின்னுட்டா, ரோசக்காரி.

அந்த வண்டியப் பாத்தா அழுகையும் வரும், சிரிப்பும் வரும். ஆறு பேரு கை மாறுன வண்டி. முன்னால ரயில் தண்டவாளத்தை அறுத்து வெச்ச பம்பரு, பின்னால தொட்டியில ஒண்ணு மேல ஒண்ணா மூணு அடுக்கு இரும்புத் தகடு, அடியில வேணுங்கறதை விட ரெண்டு மடங்கு ஸ்பிரிங் பட்டை, தலைக்கு மேல பழைய ஓனருல ஒருத்தரு, பேண்டு செட்டுக்காரரு, வாசிக்கறவங்க ஒக்காரக் கட்டுன தளம், ட்ராக்டர் சைலன்சரு, ஒம்போது கோட்டு பெயிண்டு. வண்டி புக்கைப் பாக்காம எந்தக் கம்பெனி வண்டின்னே கண்டுபிடிக்க முடியலை.

மொதல் தரம் அதைப் பாத்த உடனே இன்ஸ்பெக்டரு திருப்பி அனுப்பிட்டாரு. ரெண்டாந்தரம், இருந்ததுக்கு மேலயே என்ற கடைச் சாமானை மாட்டிக்கிட்டுப் போனோம். இன்ஸ்பெக்டரு அப்பத்தான் புதுசா வந்தவரு, பேரு ஞானதிரவியம், தெக்கத்தி ஆளு, சிரிக்கறதுக்குக் கூட மேலிடத்துல கேட்டுக்கிட்டுத்தான் சிரிப்பாரு போல. பம்பரை ரெண்டு தட்டுத் தட்டுனாரு.

"யம்மா, இந்த எடது மூலையில இருக்க நெளிவு எனக்கு நல்லாத் தெரியும். இந்த வாரத்துல இதை ஒம்போது வண்டியில பாத்துட்டம்லா. இது யாருது?"

நான் மெதுவா ஒரு லாரிக்குப் பின்னால நகந்துட்டேன். கோகிலாமணி என்னையக் காட்டிக் குடுக்கலை, தரையைப் பாத்துக்கிட்டு நின்னா.

"கம்பெனியில இருந்து எறங்குன அன்னைக்கு எப்படி இருந்துச்சோ அப்படிக் கொண்டாங்க. ஒரு ஆணி கூடவும் வேண்டாம், ஒரு ஆணி கொறையவும் வேண்டாம். அடுத்த தரமும் இப்படித்தான்னா நான் ரத்துன்னு எழுதிருவேன், பொறவு ஏங்கிட்ட வந்து அழக் கூடாது."

அதுக்கப்பறம்தான் செங்கோடன் மேஸ்திரி பட்டறையில வேலை ஆரம்பிச்சுது. மேஸ்திரி நாப்பது வருஷமா வண்டிகளுக்குப் பாடி கட்டறவரு, கட்டித்தான் பழக்கம், கழட்டிப் பழக்கமில்லை, அதனால மொதல் நாளு தண்டவாள பம்பரைக் கழட்டும்போது கைக்கு எட்டாத எதையோ தேடற மாதிரி தடவிக்கிட்டே நின்னாரு. பம்பரு கீழ விழுந்துது, வண்டி மூஞ்சி நாலு விரக்கடை எந்திரிச்சுது. "பாரம் கொறைஞ்சா பட்டை எந்திரிக்கத்தான் செய்யும்"னாரு. மறுநாளு தொட்டியில இருந்த மூணு தகட்டையும் அறுத்து எடுத்தோம், பின்பக்கமும் எந்திரிச்சுது. அன்னிக்கு நான் பாத்துக்கிட்டேதான் இருந்தேன், பழைய பேப்பரு ஒண்ணு காத்துல பறந்து வந்து வண்டிக்கு அந்தப் பக்கமா போச்சு, முன் சக்கரத்துக்குக் கீழ பூந்து இந்தப் பக்கமா வந்துருச்சு. மேஸ்திரி அந்தப் பேப்பரை எடுத்து நாலு சக்கரத்துக்குக் கீழயும் வுட்டு வுட்டு எடுத்துப் பாத்தாரு. எங்கயும் தட்டலை.

"பேரிங்கெல்லாம் நல்லா ஃப்ரீயா இருக்குது"னாரு. அப்பறம் டீ சொன்னாரு.

அப்படித்தானுங்க வண்டி தரையை வுட்டுது. ஒவ்வொண்ணு கழட்டக் கழட்ட ஒரு விரக்கடை, ரெண்டு விரக்கடைன்னு மேல போயி, தலைக்கு மேல இருந்த தளத்தை எறக்குன அன்னிக்கு முழுசா ஒரு சாண் ஒசரத்துல நின்னுது. என்ற சாணா மேஸ்திரி சாணான்னு ஊருல ஓரியாட்டம் வந்துது, ரெண்டு சாணும் வெச்சு அளந்து, மேஸ்திரி சாணுக்குச் சரியா இருக்குதுன்னு முடிவாச்சு. காத்தடிச்சா வண்டி ஆட ஆரம்பிச்சுதுன்னு கயித்தைப் போட்டு பட்டறைத் தூணுல கட்டுனோம், மாட்டைக் கட்டற மாதிரியேதான். எஞ்சினைப் போட்டு கியரைத் தட்டுனா போவுது, பிரேக்கு அமுக்குனா நிக்குது, ஸ்டீரிங்கை ஒடிச்சா ஒடியுது, அப்பறம் என்ன கேள்வி. பூசாரி வந்து நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வெச்சாரு, வண்டி அது மேல ஏறி நசுக்கோணுமில்ல, நசுக்க முடியலை, அதனால அவரே கால்ல மிதிச்சுட்டு தட்டுல காசு வாங்கிக்கிட்டுப் போயிட்டாரு. வெயில் நேரத்துல ஊருக் கோழிக அத்தனையும் சக்கரத்துக்குக் கீழ வந்து படுத்துக்கிச்சு. முதுகுவலிக்காரங்க எல்லாம் ஆசுபத்திரிக்குப் போறதுக்கு இந்த வண்டியத்தான் கேட்டாங்க, போற வழியிலயே வலி நின்னுருச்சுன்னு ஊசி போடாமயே திரும்பி வந்தவங்களும் உண்டு.

பழைய ஓனரு பேண்டு செட்டுக்காரரு ஒரு நாளு வந்து பாத்துட்டு, ரொம்ப நேரம் துண்டால மூஞ்சியத் தொடைச்சுக்கிட்டே நின்னாரு.

"நாங்க ஆசைக்காக ஒண்ணும் மாட்டலீங்க. இது கீழ நிக்க மாட்டேங்குதுன்னுதான் ஆளுக்குக் கொஞ்சமா பாரம் ஏத்துனோம். வெளிய சொன்னா சிரிப்பாங்களேன்னு சொல்லலை" அப்படின்னாரு.

அவ்வளவுதான், ஊருக்கே ஆசை வந்துருச்சு. தங்களோட வண்டியும் எந்திரிக்குமோன்னு ஆளாளுக்கு ஸ்பேனரைத் தூக்கிட்டாங்க. கிரீடத்தைக் கழட்டுனாங்க, லைட்டைக் கழட்டுனாங்க, பத்து ஊருக்குக் கேக்கற ஹாரனைக் கழட்டுனாங்க, தெருவெல்லாம் பம்பராக் கெடந்து நடக்க முடியாமப் போச்சு, ஆனா ஒரு லாரி, ஒரே ஒரு லாரியாவது ஒரு நூலு மேல வரோணுமே, ஊஹூம். என்ன ஒண்ணு, ஹாரன் சத்தம் நின்னதுல எதிர் வூட்டுச் சண்டையெல்லாம் வார்த்தை வார்த்தையா கேக்க ஆரம்பிச்சுது, டீசலும் கொஞ்சம் மிச்சமாச்சு. எனக்குத்தான் பொழப்புப் போச்சு. வண்டியெல்லாம் கம்பெனி வண்டியா மாறிட்டா என்ற கிட்ட எவன் வாடகைக்கு வருவான்? அந்தக் கோவம் எனக்கு உள்ளுக்குள்ள இருந்துது, இல்லைன்னு சொன்னா பொய்யி.

ஆனா கோகிலாமணி மூஞ்சியப் பாத்தா கோவம் நிக்காது. ஒம்போது கோட்டு பெயிண்டையும் அவளே உப்புத்தாளு வெச்சுத் தேச்சா, நாலு மாசம், கையெல்லாம் தோலுரிஞ்சு போச்சு, அடியில இருந்த கம்பெனி நீலம் ஒரு ரூபாய் அகலத்துக்கு வெளிய வந்தப்ப கிணத்துல தண்ணி கண்ட மாதிரி கத்துனா. கம்பெனிச் சாமானை ஊரெல்லாம் தேடுனோம். ஒரிஜினல் சீட்டு சலூன் கடையில பெஞ்சா இருந்துது, முகப்புக் கம்பி ஒரு வூட்டுச் சமையக்கட்டு ஜன்னல்ல இருந்துது. எல்லாம் கெடைச்சுது, பின்கதவு மட்டும் கெடைக்கலை. கடைசியில பாத்தா அது தனபால் பண்ணையிலேயே கோழிக் கொட்டாய்க்குக் கதவா நிக்குது. அண்ணங்கிட்டப் போயிக் கேட்டா. "வேலைக்கு வா, தர்றேன்"னான். திரும்பி வந்து பட்டறையில ஒக்காந்து தேச்ச எடத்தையே மறுபடியும் தேச்சுக்கிட்டிருந்தா. மறுநாளு உச்சி வெயில்ல அவ நங்கை, அதான் அண்ணன் பொண்டாட்டி, அந்தக் கதவைத் தலையில தூக்கிக்கிட்டு வேர்த்து விறுவிறுத்து வந்து பட்டறையில போட்டா.

"உங்கண்ணன் கேட்டா நாய் இழுத்துட்டுப் போச்சுன்னு சொல்லிக்கறேன். ஒரு நாளைக்கு என்னையும் இதுல ஏத்திக்கிட்டு எங்கம்மா வூட்டுக்குப் போ, அது போதும்."

பதினாறு வருஷமா அந்த நங்கையோட ஒரு நல்ல பேச்சுப் பேசாதவ, அன்னிக்குத்தான் அவ கையப் புடிச்சுக்கிட்டா.

பின்கதவு மாட்டுன மறுநாளு வெள்ளோட்டம். அறுபது தட்டு முட்டை ஏத்தி சங்ககிரி வரைக்கும் போயிட்டு வந்தோம். அந்த ரோடு எப்படின்னு அந்தப் பக்கம் போனவங்களைக் கேளுங்க, நாலு குழி தாண்டுனா பல்லு ஆடிப்போவும். ஒரு முட்டை, ஒரே ஒரு முட்டை ஒடையலை. கடைக்காரங்க தட்டைத் தூக்கித் தூக்கிப் பாத்துட்டு, இனிமே உங்கிட்டத்தான் வாங்குவோம்னுட்டாங்க. அவ திரும்பி வர்றப்ப வழி நெடுக பாடிக்கிட்டே வந்தா, தொண்டை சகிக்கலை, இருந்தாலும் கேட்டேன்.

எஃப்.சி.க்கு நாலு நாளு இருக்கும்போதுதான் எங்களுக்கு உறைச்சுது. தரையைத் தொடாத வண்டிய எந்த இன்ஸ்பெக்டரு பாஸ் பண்ணுவான்? தொடாம போனா கண்டிப்பா ரத்துன்னு எழுதுவாரு, வண்டி வெட்டுக்குப் போவும், அவ கோழிக் கொட்டாய்க்குப் போவோணும். நானும் மேஸ்திரியும் அவளை ஒக்கார வெச்சுச் சொன்னோம்.

"கண்ணு, அம்பது கிலோ எடைக்கல்லு நாலு போட்டா சக்கரம் கீழ உக்காந்துக்கும். சீட்டுக்குப் பின்னால சாக்குல சுத்தி வெச்சுருவோம். சாயங்காலம் எடுத்துருவோம். வாடகை கூட வேண்டாம் சாமி, சும்மாவே தர்றேன்."

"வேண்டாங்க்கா."

"ஏண்டி? ஊரே அப்படித்தான பண்ணுது?"

"நாலு மாசமா ஒவ்வொண்ணாக் கழட்டுனேங்க்கா. கழட்டக் கழட்டத்தான் இது இன்னதுன்னே தெரிஞ்சுது. இப்ப மறுக்காவும் கல்லைக் கட்டி, இது வேற என்னமோன்னு அவருகிட்டக் காட்டச் சொல்றீங்க. கிடைச்சா இதுக்குக் கிடைக்கட்டும், இல்லைன்னா நான் முட்டையே பொறுக்கிக்கறேன்."

எனக்கு வந்துது பாருங்க ஒரு ஆத்திரம். இத்தனை பாடுபட்டுட்டு வாயில வர்ற சோத்தைத் தட்டிவுடறவளை என்ன பண்றது? சரின்னு எந்திரிச்சுட்டேன். ஆனா எஃப்.சி. அன்னிக்கு, வெள்ளிக்கிழமை காலையில அவ கோயிலுக்குப் போயிருந்த நேரத்துல, நானும் மேஸ்திரியும் நாலு கல்லையும் சாக்குல சுத்தி சீட்டுக்குப் பின்னால எறக்கிட்டோம். பதினெட்டு வருஷப் பழக்கங்க, கை சும்மா இருக்காது. வண்டி மெதுவாக் கீழ எறங்கி சக்கரம் மண்ணைத் தொட்டுது.

அவ வந்தா. பாத்தா. வண்டியச் சுத்தி வந்து குத்தவெச்சுச் சக்கரத்தைத் தொட்டுத் தொட்டுப் பாத்தா. நாங்க ரெண்டு பேரும் வானத்தைப் பாத்துக்கிட்டு நின்னோம்.

"எறங்கிருச்சுங்க்கா" அப்படின்னா. வண்டியில ஏறி ஒக்காந்தா.

எஃப்.சி. மைதானத்துக்குப் பதினோரு கிலோமீட்டரு, நான் அவ பக்கத்துல, மேஸ்திரி பின்னால தொட்டியில. வண்டி ஒவ்வொரு குழியிலயும் தடதடன்னு விழுந்து எந்திரிச்சுது. அவ ஸ்டீரிங்கைப் புடிச்சுக்கிட்டு கண்ணுல தண்ணி ஊத்த ஊத்த ஓட்டுனா. "நான் என்னமோ தப்புப் பண்ணிட்டேன் போலிருக்குதுங்க்கா. ஏதாச்சும் ஒண்ணைக் கூடக் கொறையா மாட்டியிருப்பேன். அதான் கோவிச்சுக்கிச்சு." எனக்குப் பக்கத்துல ஒக்கார முடியலீங்க. சொல்லிப்போடலாம்னு மூணு தரம் வாயெடுத்தேன், மூணு தரமும் எஃப்.சி. கெடைக்கட்டும், அப்பறம் சொல்லிக்கலாம்னு முழுங்கிட்டேன்.

மைதானத்துல இருபது லாரி வரிசையா நின்னுது. ஞானதிரவியம் எங்க வண்டியச் சுத்தி வந்தாரு. பம்பரு, விளக்கு, சைலன்சரு, பின்கதவு, நீலப் பெயிண்டு, ஒவ்வொண்ணையும் புக்கை வெச்சுப் பாத்தாரு, தலையை ஆட்டுனாரு, மூஞ்சியில ஒரு தெளிச்சல் வந்துது. அப்பறம் டிரைவர் கதவைத் தொறந்தவரு சீட்டுக்குப் பின்னால எட்டிப் பாத்தாரு.

"இது என்னது?"

கோகிலாமணியும் எட்டிப் பாத்தா. சாக்கு விலகி எடைக்கல்லு தெரியுது. அவ திரும்பி என்னையப் பாத்த பார்வை இருக்குதே, அது என்ற கண்ணை வுட்டுப் போறதுக்கு இன்னும் நாளாகும். ஆனா அப்பவும், அப்பவும் பாருங்க, என்ற பேரைச் சொல்லலை.

இந்தத் தரம் நான் எந்த லாரிக்குப் பின்னாலயும் போவலை. "சாமி, அவளுக்குத் தெரியாதுங்க. நாந்தான் வெச்சேன். அந்த ஒம்போது வண்டி பம்பரும் என்னோடதுதான். என்னைய என்ன வேணும்னாலும் பண்ணுங்க, அவ வண்டிய ரத்து பண்ணிராதீங்க"ன்னு சொல்லிக்கிட்டே நானும் மேஸ்திரியும் மேல ஏறி, ஒவ்வொரு கல்லா வெளிய எடுத்துப் போட்டோம். மொதல் கல்லு எறங்குனதும் வண்டி ஒரு அசை அசைஞ்சுது. ரெண்டாவது, மூணாவது. நாலாவது கல்லு மண்ணுல விழுந்ததும் எங்க பிக்கப்பு அந்த மைதானத்துல, இருபது லாரி டிரைவருக பாத்துக்கிட்டு இருக்க, நெதானமா ஒரு சாண் எந்திரிச்சு நின்னுது.

கோகிலாமணி "அய்யோ, கோவமில்லை, கோவமில்லை!"ன்னு கத்திக்கிட்டு வண்டி பானட்டு மேல சாஞ்சு அதைக் கட்டிப்புடிச்சுக்கிட்டா. அவளுக்கு அந்த நேரத்துல எஃப்.சி. ஞாபகமே இல்லீங்க.

ஞானதிரவியம் முட்டி போட்டு ஒக்காந்து, கையில இருந்த நீளமான நோட்டை நாலு சக்கரத்துக்குக் கீழயும் வுட்டு எடுத்தாரு. எந்திரிச்சு முட்டியத் தட்டிக்கிட்டாரு. வண்டியில ஏறி மைதானத்தை ஒரு சுத்துச் சுத்துனாரு. சுண்ணாம்புக் கோட்டுல பிரேக்கு அமுக்குனாரு, கோட்டுலயே நின்னுது. எறங்கி வந்து, மேசையில ஒக்காந்து, ஃபாரத்தை எடுத்து ஒவ்வொண்ணா வாய் வுட்டுச் சொல்லிக்கிட்டே எழுதுனாரு. பிரேக், சரி. விளக்கு, சரி. ஹாரன், சரி. அப்பறம் டயருன்னு ஒரு கட்டம் வந்துது. பேனா நின்னுருச்சு. அவரு வண்டியப் பாத்தாரு, கட்டத்தைப் பாத்தாரு, மறுபடியும் வண்டியப் பாத்தாரு.

"டயர் தேய்மானம்," அப்படின்னு மெதுவாச் சொன்னாரு, "இல்லை."

எழுதி, கையெழுத்துப் போட்டு, சீலு குத்துனாரு. மேஸ்திரி மாத்திரம் தாங்க முடியாம, "சாமி, தரையில நிக்கலையேன்னு..." அப்படின்னு இழுத்தாரு.

"எறங்குன அன்னைக்கு இருந்த மாதிரி கொண்டாங்கன்னு சொன்னேன், கொண்டாந்துட்டாவ. தரையில நிக்கணும்னு நான் சொல்லலைல்லா. சொல்லாததை இப்பம் கேட்டா நியாயமாய்யா?" அப்படின்னவரு என்னையப் பாத்து, "நீங்க அந்தக் கல்லை நடந்தே கொண்டு போங்க"ன்னாரு. மேலிடத்துல கேக்காமயே சிரிச்சாரு.

கோகிலாமணி காயிதத்தை ரெண்டு கையிலயும் வாங்குனா. ஒவ்வொரு வரியா உதட்டை அசைச்சு அசைச்சுப் படிச்சா, ஒரு எடத்துல விரலை வெச்சு நின்னுக்கிட்டா.

"ஏனுங்க சார், இதுல ஓனருன்னு எம்பேரு போட்டிருக்குதுங்க."

"பொறவு வேற யாரு பேரு போடணும்?"

மூணு தரம் தலைய ஆட்டுனா. அப்பறம் அந்த வரிசையில நின்ன இருபது லாரிக்கும் கேக்கற மாதிரி, "ஓனரு, கோகிலாமணி" அப்படின்னு சத்தமாப் படிச்சுட்டு, காயிதத்தை ரவிக்கைக்குள்ள வெச்சுக்கிட்டு, வண்டியில ஏறி எஞ்சினைப் போட்டா.